மருந்துவாழ் மலையும் கடற்கரை மணலும்

கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள பொற்றையடி வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் மருந்துவாழ் மலையைச் சன்னலோரத்திலிருந்து பார்த்தபடி கடந்துவிடுவதே என் வழக்கமாக இருந்தது. சென்ற மாசியில்தான், விடிவதற்கு முன்பே கிளம்பி, நானும் என் அண்ணன் மகனும் அதில் ஏறினோம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் கடலை எட்டுமுன் எழும்பி நிற்கும் கடைசிக் குன்றுகளுள் இதுவும் ஒன்று. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது உதிர்ந்த துண்டு இது என்பது ஊரறிந்த கதை, பெயரும் அதனால்தான்.

பாதி வழியில் பிள்ளைத்தடம் குகை. ஸ்ரீ நாராயண குரு (1856–1928) தவமிருந்த இடம் என்பதால் கேரளத்திலிருந்து வருபவர்கள் அதிகம். வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் கண் பழகச் சற்று நேரமாயிற்று. அதன்பின் வெளியே கேட்ட காற்றின் இரைச்சல்கூட எங்கோ தொலைவில் ஒலிப்பது போலிருந்தது.

குகைக்கு மேலே கையூன்றி ஏற வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே ஓரிடத்தில் பாறை புதிதாகப் பெயர்ந்திருந்தது. வெயிலும் மழையும் பட்ட மேற்புறம் பழுப்பாக இருக்க, பெயர்ந்த முகம் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக மின்னியது. நடுநடுவே மிளகளவில் சிவப்புப் புள்ளிகள். நாகர்கோவில் வட்டாரத்தில் பரவலாகக் கிடைக்கும் சார்னோகைட் பாறை அது, புள்ளிகள் கார்னெட் என்னும் செந்நிறக் கனிமம். (கல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து இந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஒரு கல்லறையின் பெயரை மருந்து வாழும் மலை சுமப்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.) ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருமாறிய பாறை இது. அப்போது இந்த நிலம் கோண்ட்வானா என்ற பழம்பெரும் கண்டத்தில் இலங்கையோடும் மடகாஸ்கரோடும் அண்டார்டிகாவோடும் ஒட்டிக் கிடந்தது. ஆக, கதை வடக்கிலிருந்து கொண்டுவரும் மலையைப் புவியியல் தெற்கிலிருந்து கொண்டுவருகிறது.

உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் தென்னந்தோப்பும் குளங்களும், அவற்றுக்கு அப்பால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள். குறிஞ்சி, மருதம், நெய்தல் மூன்றையும் தலையைத் திருப்பியே பார்த்துவிடலாம்.

இறங்கும்போதுதான் பட்டோம். ஒன்பதரை மணிக்கே பாறை காலைச் சுட்டது. இரண்டு பேருக்கு ஒரே தண்ணீர்க் குப்பிதான் கொண்டுபோயிருந்தோம், பழப் பையைக் குரங்கு பறித்துக்கொண்டது. போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துச் செல்லுங்கள். எட்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

மாலையில் கன்னியாகுமரிக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அலை ஒதுக்கிய இடத்தில் மணல் கறுப்பும் சிவப்புமாக வரிவரியாகக் கிடந்தது. கறுப்பு, இல்மனைட் என்னும் டைட்டானியக் கனிமம். கனமான துகள்கள் தங்கிவிட, லேசான வெண்மணலை அலை வாரிக்கொண்டு போகும். பையன் ஈரக் கையில் ஒட்டிய சிவப்புத் துகள்களைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான்.

“சித்தப்பா, காலையில நாம பிடிச்சு ஏறுன பாறையில இருந்தது இதுதானே?”