சுஃப்ரேனுக்குச் சிலை வேண்டுமா?

போர்ட்லூயிஸ்காரன்:
இங்கே மொரிஷியஸில், போர்ட்லூயிஸ் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் பழைய பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம். 1746இல் சென்னையைப் பிடித்தவருக்குச் சிலை. 1781 டிசம்பரில் இங்கிருந்து கப்பலேறிப்போய், ஹைதர் அலிக்குத் துணையாக ஆங்கிலேயக் கடற்படையோடு ஐந்து முறை மோதிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனுக்கு ஒன்றுமில்லை. சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் எல்லாம் நம் கடல். அந்நியராக இருந்தும் நமக்காகப் போரிட்டவர்.

ரோஸ்ஹில் அக்கா:
தம்பி, அந்த "நமக்காக" எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயரை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கைகொடுக்கப் போய்ப் பிரெஞ்சு மன்னர் தொடங்கிய சண்டை, நம் கரைவரை வந்தது. 1780இல் ஹைதரின் குதிரைப்படை ஆற்காட்டுச் சீமையைப் பாழாக்கியபோது மூட்டை முடிச்சோடு ஓடியவர்களும் தமிழர்கள்தானே?

மாலுமி பேரன்:
இருவரும் கப்பலை மறந்துவிட்டீர்கள். ஆங்கிலேயருக்குப் பம்பாயில் கப்பல்துறை இருந்தது. இவருக்கு ஒன்றும் இல்லை. சின்னக் கப்பல்களின் பாய்மரத்தைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் நட்டார். மழைக்காலத்தைச் சுமத்ராவின் அச்சேயில் கழித்தார். 1783 ஜூன் 20இல் கடலூருக்கு எதிரே, 15 போர்க்கப்பல்களை வைத்துக்கொண்டு 18ஐ எதிர்கொண்டார். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் ஜனவரியிலேயே முதற்கட்டச் சமாதானம் கையெழுத்தாகியிருந்தது, செய்திதான் வரவில்லை.

போர்ட்லூயிஸ்காரன்:
தீவுக்குத் திரும்பச் சொல்லி வந்த உத்தரவையும் ஒதுக்கிவிட்டு அங்கேயே தங்கினார். சம்பளத்துக்கு வந்தவன் அப்படிச் செய்வானா?

ரோஸ்ஹில் அக்கா:
செய்வான், வீம்புக்காரனாக இருந்தால். அதே ஆள்தான் 1782இல் தம்மிடம் இருந்த ஆங்கிலேயக் கைதிகளை ஹைதரிடம் ஒப்படைத்தார். சோறு போட வழியில்லையாம். அந்தக் கைதிகளை நினைத்துப் பாருங்கள். சமாதானச் செய்தி வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் மங்களூர் முற்றுகையில் திப்புவைத் தனியே விட்டு விலகினார்கள். இதுதான் அந்தத் துணையின் ஆயுள்.

மாலுமி பேரன்:
மங்களூருக்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஒப்பந்தம் அவர் செய்ததில்லை. கைதிகள் விஷயத்தில் அக்கா பக்கம்தான் நான்.

போர்ட்லூயிஸ்காரன்:
சரி, "நமக்காக" என்பதை "நம் கடலில்" என்று மாற்றிக்கொள்கிறேன். சிலையை மட்டும் விடமாட்டேன்.

ரோஸ்ஹில் அக்கா:
வையுங்கள். ஆனால் முதல் சிலை, லாபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்து இந்த ஊரைக் கட்டிய தமிழ்க் கொத்தனாருக்கு. கையில் கரண்டியோடு.