காலநிலைக் கொள்கை ஆய்வு: நான் சந்தித்த இருவர்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "காலநிலைக் கொள்கை, இயற்கை வள மேலாண்மை" என்றால், "மழை வருமான்னு சொல்வீங்களா?" என்று பதில் வரும். எங்கள் வேலையில் பாதி, ஆட்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது.

பாசன ஆய்வு ஒன்றுக்காக, முறை வைத்துத் தண்ணீர் விடுகிற பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முறை தப்பி மடையைத் திறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "முதல் தடவை சத்தம் போடுவேன். மறுபடி செஞ்சா நாலு பேர் முன்னாடி சொல்வேன். அதுக்கும் அடங்கலைன்னாதான் அபராதம். எடுத்ததுமே அபராதம் போட்டா எவன் என் பேச்சைக் கேப்பான்?" என்றார்.

பாசன நீர், மேய்ச்சல் நிலம் போன்ற பொதுவளங்களைத் தலைமுறைகளாகக் காத்துவந்த சமூகங்களைப் படித்து, அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரோம், அவற்றின் விதிமுறைகளில் பொதுவாகக் கண்ட எட்டுக் கூறுகளை 1990-ல் பட்டியலிட்டார். தண்டனை படிப்படியாக ஏற வேண்டும் என்பது அதில் ஒன்று. பொதுவில் விட்ட வளம் அழிந்தே தீரும் என்று 1968-ல் சூழலியலாளர் கேரட் ஹார்டின் எழுதியதற்கு ஆஸ்ட்ரோமின் ஆய்வு வலுவான மறுப்பு. 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற ஆஸ்ட்ரோம் படித்தது அரசியல் அறிவியல். எந்தப் பட்டம் படித்தால் இத்துறைக்கு வரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் அவர்தான்.

இன்னொருவர், ஐ.நா. காலநிலை மாநாட்டில் பார்த்த சிறு தீவு நாட்டுப் பிரதிநிதி. அங்கே நாடுகள் பேசி முடிவு செய்யும் தீர்மானத்தின் வரைவு திரையில் ஓடும். உடன்பாடு எட்டாத சொற்கள் சதுர அடைப்புக்குள் கிடக்கும். ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு நடக்கும். பெரிய நாடுகள் அறைக்கொருவரை அனுப்பும், இவர்களுக்கு ஆள் பற்றாது. எங்கள் அறிக்கையை நீட்டினேன். "இதைப் படிக்க நேரமில்லை. இந்தப் பத்தியில் எந்த அடைப்பை எடுத்தால் எங்களுக்கு நஷ்டம்? அரைப் பக்கத்தில் எழுதித் தாருங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் கட்டுரைகளைவிட அந்த அரைப் பக்கம்தான் உருப்படியாகப் பயன்பட்டது என்பேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று. காலநிலை அறிவியலைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் (IPCC) அறிக்கை வரைவுகளுக்குக் கருத்து அனுப்ப, துறை அறிவுள்ள யாரும் பதிவு செய்யலாம். 2021-ல் வந்த அறிக்கைக்கு 78,000-க்கும் மேல் கருத்துகள் வந்தன. சம்பளம் கிடையாது, ஆனால் நல்ல பயிற்சி. சம்பள வேலை என்றால், திட்ட நிதி எந்த மாதம் முடிகிறது என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.