ஒன்பது வயதுப் பையனின் சேட்டை: ஆசிரியர்கள், பெற்றோர்கள் உதவுங்கள்

வணக்கம். என் தங்கை மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். செருப்புகளை ஜோடி மாற்றி வைப்பது, தாத்தாவின் கண்ணாடியை அரிசி டப்பாவில் ஒளிப்பது எல்லாம் வீட்டில் சிரித்துக் கடந்துவிடுகிற சேட்டைகள்தான். போன வாரம் வகுப்பறை ஃபேன் இறக்கைமேல் சாக்பீஸ் தூளைக் கொட்டி வைத்துவிட்டான். ஃபேன் போட்டதும் எல்லார் தலையிலும் தூள். அவனுக்கு அது பூமழை. வீசிங் உள்ள ஒரு பிள்ளைக்கு மூச்சு இரைத்து, இன்ஹேலர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் தங்கை நேரில் போய் மன்னிப்புக் கேட்டாள். பள்ளியிலோ டிசி கொடுப்போம், போலீஸில் சொல்வோம் என்கிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு அடியையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 21ஆம் பிரிவுப்படி, 7 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குச் செயலின் விளைவு புரியும் முதிர்ச்சி இல்லையென்றால் அது குற்றமே ஆகாது. ஆனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட எங்களுக்கு விருப்பமில்லை.

அவன் கெட்ட பிள்ளை இல்லை, அதை உறுதியாகச் சொல்வேன். அடுத்தவர் வலி எங்கே தொடங்குகிறது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அதட்டாமல் அதை எப்படிப் புரியவைப்பது? இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன பொறுப்பு கொடுத்தீர்கள்? தலைமையாசிரியரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்கலாம்? திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.