மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிட்டேன்: 14 மாத அனுபவம். உங்களுடையதையும் எழுதுங்கள்

காலைநடை:

எடையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடங்கியபோது 91 கிலோ, இப்போது 79. இடையில் 14 மாதம். எண்ணை மட்டும் பார்த்தால் சீராக இறங்கி வந்ததுபோலத் தெரியும். உண்மையில் நடுவில் மூன்று மாதம் எடை அசையவே இல்லை. ஒருமுறை இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துப் பயந்தே போனேன். தொடங்கும்போது இதையெல்லாம் எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை, பழச்சாறு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். நாளுக்கு 30 கிராம் மாவுச்சத்துக்குள் என்று கணக்கு. முட்டை, மீன், கோழி, கீரை, பாலாடைக்கட்டி, வெண்ணெய் என்று ஓடியது. ஏழாம் நாள் எடை பார்த்தால் 2.8 கிலோ குறைந்திருந்தது! வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னேன்.

அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது பிறகுதான் புரிந்தது. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் உடல் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. பெரியவர்களுக்கு மொத்தம் 500 கிராம் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மாவுச்சத்து வரவு நின்றால் அந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போய்விடுகிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஒருநாள் விருந்தில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறியிருப்பதைப் பார்த்து, "எல்லாம் போச்சு" என்று அதோடு விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஏறியதும் தண்ணீர்தான்.

மூன்றாம் நாளிலிருந்து தலைவலி, கால் வலுவில்லாத மாதிரி ஒரு சோர்வு. இன்சுலின் அளவு இறங்கும்போது சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியே விடுகிறது, அதன் விளைவு இது. இரண்டு நாள் உப்புப் போட்ட சூப் குடித்தேன், சரியானது. (இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக உப்பைக் கூட்ட வேண்டாம், மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.)

இரண்டாம் வாரத்துக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். மாலை 4 மணிக்கு வரும் அந்தப் பசி வரவில்லை. பல வருடமாக அந்த நேரத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் முடித்துவிட்டுத்தான் எழுவேன். அது நின்றது. மனதைக் கட்டுப்படுத்தி நிறுத்தவில்லை, ஞாபகமே வரவில்லை. முதல் மூன்று மாதத்தில் 7 கிலோ இறங்கியது இதனால்தான் என்று நினைக்கிறேன். காலையிலும் மதியமும் புரதம் நிறைய இருந்தது, கொறிக்கும் பண்டம் வீட்டிலேயே இல்லை, ஆக மொத்தத்தில் குறைவாகச் சாப்பிட்டேன்.

நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை ஒன்றும் நடக்கவில்லை. "கொழுப்பு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், இன்சுலின் ஏறாது, அதனால் எடையும் ஏறாது" என்று படித்ததை முழுதாக நம்பினேன். எடை நின்றதும், கொழுப்பு போதவில்லையோ என்று இன்னும் கூட்டினேன். காபியில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். மாலையில் ஒரு பெரிய கிண்ணம் பாதாம். ஒருநாள் சமையல் தராசை எடுத்து நிறுத்துப் பார்த்தேன். வெண்ணெய் 200 கலோரி, எண்ணெய் 120, பாதாம் 100 கிராம், அது 600-ஐ நெருங்குகிறது. பசிக்காத நேரத்தில், "நல்லது" என்று நினைத்து உள்ளே தள்ளியது மட்டும் 900 கலோரிக்கு மேல்!

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. இது எனக்குப் பள்ளியிலேயே தெரியும். ஆனால் கீட்டோசிஸில் (மாவுச்சத்து கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைச் செய்யும் நிலை) இருந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது என்று நினைத்துக்கொண்டேன். உடல் கொழுப்பை எரிக்கத்தான் செய்கிறது, ஆனால் எந்தக் கொழுப்பை? தட்டில் வேண்டிய அளவு வந்துகொண்டிருந்தால் இடுப்பில் இருப்பதை எடுக்க அதற்கு அவசியமே இல்லை. காபி வெண்ணெயை நிறுத்தினேன், பாதாமைக் கைப்பிடி அளவாக்கினேன். அடுத்த மாதமே மறுபடி இறங்கத் தொடங்கியது.

ஏழாம் மாதம் இரத்தப் பரிசோதனை. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 210-இலிருந்து 105-க்கு வந்திருந்தது, எச்.டி.எல். ("நல்ல" கொலஸ்ட்ரால்) கொஞ்சம் ஏறியிருந்தது. அதுவரை மகிழ்ச்சி. ஆனால் எல்.டி.எல். ("கெட்ட" கொலஸ்ட்ரால்) 121-இலிருந்து 188. மருத்துவர் திட்டவில்லை. "எடை குறைந்தது நல்லதுதான், ஆனால் இந்த எண்ணை இப்படியே விட முடியாது" என்றார். வெண்ணெய், தேங்காய் எண்ணெய், கொழுப்புள்ள இறைச்சி ஆகியவற்றைக் குறைத்து, ஆலிவ் எண்ணெய், மீன், கொட்டைகள் பக்கம் போகச் சொன்னார். மூன்று மாதம் கழித்து 134. மாவுச்சத்தைக் குறைத்த எல்லோருக்கும் இப்படி ஏறுவதில்லை, சிலருக்கு நிறையவே ஏறுகிறது. பரிசோதிக்காமல் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிய வழியில்லை. தொடங்குவதற்கு முன் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை கட்டாயம் பாருங்கள்.

இரவுப்பணி:

எனக்கு இது ஒத்துவரவில்லை, அதையும் எழுத வேண்டும் அல்லவா. நான்கு மாதத்தில் 7 கிலோ குறைந்தது, அடுத்த எட்டு மாதத்தில் 8 கிலோ ஏறியது. பசி அடங்கியது என்று நீங்கள் எழுதியது எனக்கு நடக்கவில்லை. ரொட்டி வாசனை வந்தால் வேலையே ஓடாது. வீட்டில் எனக்கு மட்டும் தனிச் சமையல். சின்ன மகள் ஒருநாள், "அப்பா, உங்களுக்கு ஏன் வேற சாப்பாடு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அன்றே நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகும், ஆனால் அன்றுதான் இது நெடுநாள் ஓடாது என்று புரிந்தது.

பிறகு பருப்பு, காய், பழம், தீட்டாத தானியம், அளவான எண்ணெய் என்று மாறினேன். ஒரு வருடத்தில் 6 கிலோ, மிக மெதுவாக. ஆனால் இரண்டாவது வருடமும் ஏறவில்லை.

நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்றுதான் ரொம்ப நாள் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு அது போனது. 609 பேர், ஒரு வருடம். ஒரு பாதிக்கு மாவுச்சத்துக் குறைவு, மறு பாதிக்குக் கொழுப்புக் குறைவு. இரண்டு பக்கமும் சர்க்கரை, மைதா வகைகளைத் தவிர்த்து, காய்கறி நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். சராசரியாக முதல் அணி 6 கிலோ குறைந்தது, இரண்டாவது 5.3. இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் முடிவு. என்னைத் தொட்டது வேறு: ஒரே அணிக்குள்ளேயே 25 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். யாருக்கு எது பொருந்தும் என்று மரபணுவை வைத்தும், இன்சுலின் சுரப்பை வைத்தும் கணிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

காலைநடை:

அந்த மகள் கேட்ட கேள்வியைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி நண்பரே. பசி விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த அசைவ உணவும், இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவும் கொடுத்தது. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். 2021-இல் முடிவு வந்தபோது, கொழுப்புக் குறைந்த உணவில்தான் நாளுக்குச் சராசரியாக 690 கலோரி அளவுக்குக் குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். பசியில் வித்தியாசம் சொல்லவில்லை. எனக்கு நடந்ததற்கு நேர் எதிர். இரண்டு வாரம் குறுகிய காலம்தான், ஆனாலும் "மாவுச்சத்தைக் குறைத்தால் எல்லோருக்கும் பசி அடங்கும்" என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

மருதாணி:

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவரிடம் கேட்காமல் திங்கட்கிழமை மாவுச்சத்தை நிறுத்தினேன், மாத்திரையை நிறுத்தவில்லை. புதன்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை, பார்வை மங்கியது. தங்கை ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தாள், இரத்தச் சர்க்கரை 54. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததில் பதினைந்து நிமிடத்தில் தெளிந்தேன். வீட்டில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை. நான் சாப்பிட்ட வகை மாத்திரை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இதே ஆபத்து.

மருத்துவர் அளவைப் பாதியாக்கி, பிறகு முழுதாக நிறுத்தினார். அப்போதுதான் இன்னொன்றும் சொன்னார். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. அவற்றோடு சேர்த்து மாவுச்சத்தையும் ரொம்பக் குறைத்தால் இரத்தத்தில் கீட்டோன் ஆபத்தான அளவுக்கு ஏறி இரத்தம் அமிலமாகிவிடலாம். கொடுமை என்னவென்றால், அப்போது சர்க்கரை அளவு ஓரளவு சரியாகவே காட்டக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் இருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்குப் பலன் இருந்தது, அதை மறைக்கவில்லை. எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 8.4-இலிருந்து 6.9-க்கு வந்தது, எடையும் 6 கிலோ குறைந்தது. ஆனால் அந்தப் புதன்கிழமை இல்லாமலே அது கிடைத்திருக்கலாம்.

ஊஞ்சல்:

சுருக்கமாக: 9 கிலோ, நான்கு மாதம். மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எடை வேகமாகக் குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி ஆகும், திரும்ப வளரும் என்றார் தோல் மருத்துவர். வளர்ந்தது, ஆனால் அந்த நாட்களில் கண்ணாடி பார்க்கவே பிடிக்காது. மலச்சிக்கல் இன்னொரு தொல்லை, காய்களைக் கூட்டிய பிறகு போனது. காலைநடை அண்ணா, இப்போது நீங்கள் எவ்வளவு மாவுச்சத்து சாப்பிடுகிறீர்கள்?

தும்பி:

நான் எடைக்காக வரவில்லை. என் மகளுக்கு வலிப்பு. இரண்டு மருந்துகளுக்கும் கட்டுப்படாததால் ஆறு வயதில் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவைத் தொடங்கினார்கள். இந்த உணவுக்கு அந்தப் பெயரை வைத்ததே வலிப்புக்காகத்தான். 1921-இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வைத்த பெயர். அவளுக்கு 4-க்கு 1 விகிதம், அதாவது புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். கிராம் கணக்கில் நிறுத்துத்தான் ஒவ்வொரு வேளையும். சிறுநீரகக் கல் வருகிறதா, உயரம் கூடுகிறதா என்று தொடர்ந்து பார்ப்பார்கள்.

உடல் எந்தக் கொழுப்பை எரிக்கிறது என்ற காலைநடையின் கேள்விக்கு என் மகள் ஒரு பதில் வைத்திருக்கிறாள். இங்கே எழுதியவர்கள் யாரையும்விடக் கடுமையான கீட்டோசிஸில் இரண்டு வருடம் இருந்தாள். கீட்டோன் அளவு எப்போதும் உயரத்தில். எடை குறையவில்லை. குறையக் கூடாது என்று உணவியல் நிபுணர் அவள் வயதுக்கு வேண்டிய கலோரியைக் கணக்கிட்டுக் கொடுத்தார், அவளும் வளர வேண்டிய அளவுக்கு எடை கூடினாள். கொழுப்பு எடையைக் கரைக்கும் என்றால் என் பிள்ளை காணாமல் போயிருப்பாள். வாரத்தில் இருபது முறை வந்த வலிப்பு, மாதத்தில் இரண்டு மூன்றாகக் குறைந்தது. எங்களுக்கு அந்த உணவு தந்தது அது.

காலைநடை:

தும்பி அம்மா, நான் ஆறாம் மாதத்தில் தராசு வைத்துக் கண்டுபிடித்ததை உங்கள் மகள் எவ்வளவு தெளிவாகக் காட்டிவிட்டாள்! அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஊஞ்சல் தங்கைக்கு: இப்போது நாளுக்கு 100 கிராம் வரை போகிறது. பருப்பும் பழமும் திரும்ப வந்துவிட்டன, மதியம் ஒரு கரண்டி சோறும் உண்டு. திரும்ப வராதவை சர்க்கரை, பழச்சாறு, பிஸ்கட். கீட்டோசிஸில் இருக்கிறேனா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன், ஐந்து மாதமாக 79, 80-க்குள்தான் நிற்கிறது. எண்ணெயை மட்டும் இன்றும் கரண்டியால் அளந்துதான் ஊற்றுகிறேன்.

மருதாணி எழுதியதைப் படித்த பிறகு ஒன்று செய்தேன். நான் சொல்லித் தொடங்கிய இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒருவருக்கு டபாகிளிஃப்ளோசின். நாளைக் காலை மருத்துவரைப் பார்க்க அவரோடு நானும் போகிறேன், அதுவரை வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்.