தொழில் இலக்கைத் தேடும் மாணவர்களுக்கு உரையாடல் மென்பொருள் உதவுமா?

கேள்வி:
வணக்கம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொருவருடனும் தனித்தனியே பேச நேரம் போதாததால், முதலில் ஒரு சாட்பாட்டுடன் உரையாடிவிட்டு வருமாறு சொன்னேன். ஒரு மாணவி "எனக்குக் கணக்கு வராது" என்று தட்டச்சு செய்ததும், அது ஆறுதலாக இரண்டு வரி சொல்லிவிட்டு, கணக்கு தேவைப்படாத பத்துத் தொழில்களை அடுக்கியது. அவளும் முதலாவதையே தன் இலக்காக எழுதிக் கொடுத்துவிட்டாள். பிறகு நான் விசாரித்தபோதுதான், அவளுக்கு வடிவியல் மிகவும் பிடிக்கும் என்பதும், நேரம் குறித்து நடத்தும் தேர்வுகளுக்கே அஞ்சுகிறாள் என்பதும் தெரிந்தன. இதை எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 1:
பயனர் சொன்னதை ஒட்டியே பேசுவது இம்மென்பொருள்களின் இயல்பு; மனிதர்கள் விரும்பித் தேர்ந்த பதில்களைக் கொண்டும் அவை பயிற்றுவிக்கப்படுவதால், மறுத்துப் பேசுவதைவிட ஆமோதிப்பதே அவற்றுக்கு எளிதாக வருகிறது. ஆகவே, "எட்டுக் கேள்விகளாவது கேட்டு முடிக்கும் வரை எந்தத் தொழிலின் பெயரையும் சொல்லாதே; நான் சொல்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு கேள்" என்று தொடக்கத்திலேயே கட்டளையிடச் சொல்லுங்கள். கேள்வி கேட்பதே எவ்வளவு பயன் தரும் என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு: 1966-இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற உரையாடல் மென்பொருள் எதையும் புரிந்துகொள்ளவில்லை. எதிரில் இருப்பவரின் சொற்களையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கேட்டது, அவ்வளவுதான். அதனிடமே மக்கள் மனம் திறந்தார்கள். (அதைக் கண்டு கவலைப்பட்டவரும் வைசன்பாம்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.)

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தொழில் தேர்வுக்காக உளவியலாளர் ஜான் ஹாலந்து வகுத்த ஆறு ஆர்வ வகைகளை வைத்து "நீ இந்த வகை" என்று சாட்பாட் முத்திரை குத்தினால், அதை முடிவாகக் கொள்ளாதீர்கள். ஒருவரிடம் பெரும்பாலும் இரண்டு மூன்று வகைகள் கலந்தே இருக்கும். கல்வித் தகுதி, கட்டணம், விண்ணப்பத் தேதி ஆகியவற்றைத் தவறாகவும் தயங்காமல் சொல்லும் என்பதால், அவற்றை உரிய நிறுவனத்தின் அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில், அதை ஒரு தொழிலாளராக நடிக்கச் சொல்லி, அவருடைய ஒரு நாளைப் பற்றி மாணவர் பேட்டி எடுப்பதே நல்ல பயன் தருகிறது. அந்த மாணவிக்கு நில அளவையாளரைப் பரிந்துரைப்பேன். பேட்டி முடிந்ததும், அதே தொழிலில் உண்மையாகவே இருக்கும் ஒருவரிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளை மாணவரே எழுத வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்று இரண்டு முறைகளையும் சேர்த்துச் செய்து பார்த்தோம். அவள் எழுதிய மூன்றில் முதல் கேள்வி இது: "ஒரு கோணம் தவறிவிட்டால், திரும்ப அளக்க நேரம் தருவார்களா?" நில அளவையாளர் ஒருவரிடம் அவளை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன்.