எங்கள் வீட்டுக் குழு: நிலவுக்குப் போன மூவரைப் பார்த்த மாலை

[இரவு 7:42] கயல்: மாமா, நாளை பேச்சுப் போட்டி. தலைப்பு ‘நிலவில் மனிதன்’. நீங்கள் ஆம்ஸ்ட்ராங்கை நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார். உண்மையா?

[இரவு 7:43] செல்வி: சுந்தர், கொஞ்சம் விவரமாகச் சொல்லு. மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறாள்.

[இரவு 7:51] சுந்தர்: உண்மைதான் கயல். 2009 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனில் இருக்கும் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம். அங்கே, பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கரான ஜான் கிளென் பெயரில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்கும். நிலவில் இறங்கி 40 ஆண்டு ஆனதால் அந்த வருடம் ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் வந்தார்கள். கிளென்னும் இருந்தார். அவருக்கு முந்தின நாள்தான் 88 வயது முடிந்திருந்தது. குலுக்கலில் எனக்கு இடம் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

[இரவு 7:52] தேன்மொழி: கை குலுக்கினாயா அண்ணா? கையெழுத்து வாங்கினாயா?

[இரவு 7:54] சுந்தர்: இல்லை தேனு, தூரத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். ஆம்ஸ்ட்ராங் கையெழுத்துப் போடுவதையே பல வருடம் முன்பு நிறுத்திவிட்டார். யாரோ அதை விற்றுக் காசு பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நிறுத்தியது.

[இரவு 7:55] கயல்: நிலவில் கால் வைத்தபோது எப்படி இருந்தது என்று சொன்னாரா மாமா? அதைத்தான் என் பேச்சில் முதலில் வைக்கப் போகிறேன்.

[இரவு 8:03] சுந்தர்: நானும் அதைக் கேட்கத்தான் போனேன். அவர் ராக்கெட் முன்னோடி காடர்டில் ஆரம்பித்தார். அப்புறம் அரசாங்கங்கள், அறிவியல் என்று போனார். தான் நடந்ததைப் பற்றிச் சில நொடிகள்தான். சோவியத் நாட்டுடன் நடந்த போட்டியைச் சொன்னபோது எதிராளியைக் குறைத்து ஒரு வார்த்தை இல்லை. அமைதியான போட்டி, இரண்டு பக்கமும் அறிவைத் தேடிப் போக வழி செய்தது என்றார். அன்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இன்று அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அந்தப் பேச்சுதான் காரணம்.

[இரவு 8:05] தாத்தா: 69ல் நாங்கள் ரேடியோவில் கேட்டோம். திங்கட்கிழமை காலை. டீக்கடையில் நிற்க இடம் இல்லை.

[இரவு 8:06] சுந்தர்: ஆமாம் அப்பா, அவர் கால் வைத்தது நம் நேரத்துக்குக் காலை 8:26.

[இரவு 8:07] தாத்தா: அந்த அக்டோபரில் மூவரும் பம்பாய் வந்தார்கள். போய்ப் பார்க்கக் கையில் காசு இல்லை. நீயாவது பார்த்தாயே.

[இரவு 8:09] கயல்: மாமா, நான் எழுதிய முதல் வரி இது. ‘1969ல் இருவர் நிலவுக்குப் புறப்பட்டனர்.’ சரியா?

[இரவு 8:10] சுந்தர்: இல்லை கண்ணு! மூன்று பேர். இருவர் இறங்கினார்கள். காலின்ஸ் மேலே கொலம்பியா கலத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

[இரவு 8:18] சுந்தர்: அவரைப் பற்றிக் கட்டாயம் சொல். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போகும்போது 48 நிமிடம் பூமியோடு பேச்சே கிடையாது. கீழே இருக்கும் இருவரும் மேலே ஏறி வரவேண்டும். அவர்கள் வண்டியைக் கிளப்ப இருந்தது ஒரே ஒரு எஞ்சின். அது எரியாவிட்டால் இவர் தனியாகத் திரும்ப வேண்டியதுதான். ஆறு மாதமாக மனதுக்குள் இருந்த பெரிய பயம் அதுதான் என்று பின்னாளில் எழுதினார்.

[இரவு 8:19] செல்வி: படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

[இரவு 8:21] தேன்மொழி: அன்று அவர் என்ன பேசினார் அண்ணா?

[இரவு 8:26] சுந்தர்: சின்ன வயதிலிருந்தே செவ்வாய்தான் பிடிக்கும், சில சமயம் தப்பான இடத்துக்குப் போய்விட்டேனோ என்று தோன்றும் என்றார். அரங்கமே சிரித்தது. இன்னொன்று, 1976ல் அந்த அருங்காட்சியகம் இப்போதைய கட்டடத்தில் திறந்தபோது இயக்குநராக இருந்தவரே அவர்தான். கொலம்பியா அன்று அந்தக் கட்டடத்தில்தான் நின்றது. படம் அனுப்புகிறேன்.

[இரவு 8:27] சுந்தர்: (படம்)

[இரவு 8:29] தாத்தா: இவ்வளவு சின்னதா? இதிலா மூன்று பேர்?

[இரவு 8:33] சுந்தர்: ஆமாம் அப்பா, அடிப்பக்கமே சுமார் 13 அடிதான். திரும்பி வரும்போது வெந்த கருகல் அப்படியே இருக்கிறது. பசிபிக்கில் இறங்கி, மீட்புக் கப்பலில் தனிமையில் வைத்திருந்தபோது காலின்ஸ் மறுபடி உள்ளே போய்ச் சுவரில் எழுதிவிட்டு வந்தார். இதுவரை வந்ததிலேயே சிறந்த கலம், கடவுள் காக்கட்டும் என்று. கீழே தன் பெயர்.

[இரவு 8:35] கயல்: மாமா, அவர் இப்போது இருக்கிறாரா?

[இரவு 8:38] சுந்தர்: 2021 ஏப்ரலில் போய்விட்டார். ஆம்ஸ்ட்ராங் 2012ல், கிளென் 2016ல். மேடையில் அவர்களைச் சேர்த்துப் பார்த்த அந்த மாலை அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

[இரவு 8:52] கயல்: மாற்றிவிட்டேன். ‘1969ல் மூன்று பேர் நிலவுக்குப் புறப்பட்டனர். ஒருவர் இறங்கவே இல்லை. நான் அவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.’

[இரவு 8:53] தாத்தா: பேசிப் பதிவு செய்து அனுப்பு கண்ணு. நான் தூங்கவில்லை.