அக்டோபரில் நியூ மெக்சிகோ / அரிசோனா: கோல்ஃப் ஆடும் அப்பா, சுத்த சைவ அம்மா, எட்டு நாள் லீவு

டல்லாஸ்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் அப்பா அம்மா குன்னூரிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 71. தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். ஞாயிறு தவறாமல் ஊட்டி ஜிம்கானாவில் கோல்ஃப் ஆடுவார். இப்போதும் கிளப் பையைக் கையோடு கொண்டு வருகிறாராம். "அந்தப் பையால என் இட்லிப்பொடிக்கு இடமில்லாமப் போச்சு" என்று அம்மா தினமும் போனில் புலம்பல். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஆனால் காரம் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

என் வீட்டுக்காரர் போட்டிருக்கும் திட்டம் இது: ஃபீனிக்ஸில் இறங்கி ஸ்காட்ஸ்டேலில் இரண்டு நாள் கோல்ஃப், அப்புறம் செடோனா, கிராண்ட் கேன்யன், மான்யூமென்ட் வேலி, சாண்டா ஃபே, வொயிட் சாண்ட்ஸ் (வெள்ளை மணல்மேடுகள்), எல் பாசோவில் விமானம். எக்செல்லில் கலர் கலராக அழகாத்தான் இருக்கு. எனக்குப் பார்க்கும்போதே இடுப்பு வலிக்குது.

எதை வெட்டலாம்? அம்மா அங்கே என்னதான் சாப்பிடுவார்? தினமும் சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தால் என்னைத் தொலைத்துவிடுவார்.

சாண்ட்லர்வாசி:

அக்கா, முதலில் ஸ்காட்ஸ்டேலை வெட்டுங்க. ஊர் மோசமில்லை, மாசம்தான் மோசம். வெயில் காலம் முழுக்க இங்கே மைதானங்களில் இருப்பது பெர்முடா புல். குளிர் வந்தால் அது பழுத்துவிடும். அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும் அதை ஒட்ட வெட்டி, மேலே ரை புல் விதையைத் தூவி, தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலான மைதானங்கள் இரண்டு மூன்று வாரம் மூடிக்கிடக்கும். திறந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு கோல்ஃப் வண்டியைப் புல்மேல் ஏற்ற விடமாட்டார்கள். பாதையில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு அடிக்கும் பந்துவரை நடந்து திரும்பணும். 71 வயசில் அதற்கா காசு கொடுப்பது? ஜனவரிக்கு மேல் வந்தால் புல் பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கும், ஆனால் விலை கையைக் கடிக்கும்.

என்றைக்காவது இங்கே ஆடினால், பாலைவனத்துக்குள் போன பந்தைத் தேட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். சோயா என்று ஒரு கள்ளி இருக்கு (பீன்ஸ் இல்லை!). லேசாக உரசினாலே துண்டு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையில் ஒட்டும். சீப்பால் நெம்பித்தான் எடுக்கணும். என் கோல்ஃப் பையில் எப்பவும் ஒரு சீப்பு உண்டு. தலையில் முடி கிடையாது.

ரியோ ராஞ்சோ மாமி:

பாரும்மா, நான் ஆல்புகர்க்கி பக்கம் குடிவந்து பதினாலு வருஷம் ஆச்சு. உங்க வீட்டுக்காரர் எக்செல்லில் சாண்டா ஃபேயை மட்டும் வெச்சிண்டு பாக்கியை அழிச்சிடுங்கோ. ஆல்புகர்க்கியில் இறங்கி அங்கேயே விமானம் ஏறுங்கோ. கிராண்ட் கேன்யன் இங்கேயிருந்து காரில் ஆறு மணி நேரம். அது எங்கேயும் ஓடிப்போகாது.

சாண்டா ஃபே 7,200 அடி உயரம். கிட்டத்தட்ட ஊட்டிதான். மெலிசான காத்தில் பந்து கூடுதலாப் பறக்கும்னு உங்க அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். டல்லாஸ்காரா வந்தா முதல் நாள் கிரீனை (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்) தாண்டி அடிச்சுட்டு முழிப்பா. ஊட்டியில் இல்லாத ஒண்ணு இங்கே உண்டு, வறட்சி. தாகம் எடுக்காட்டாலும் தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ.

மைதானம் ரெண்டு போதும். ஒண்ணு சாண்டியா மலைக்குக் கிழக்கே பாக்கோ ரிட்ஜ். 27 குழி, சுத்தி ஜூனிப்பரும் பின்யோன் மரமும். இன்னொண்ணு சாண்டா ஆனா பழங்குடியினர் நிலத்தில் இருக்கிற ட்வின் வாரியர்ஸ். அவா முன்னோர் வாழ்ந்த தடயங்களைத் தொடாம, அதுக்கு நடுவில் வளைஞ்சு வளைஞ்சு போட்டிருக்கா. எங்காத்துக்காரர் சொல்ற ஒரே ரகசியம்: கண்ணுக்கு மேடாத் தெரிஞ்சாலும் புட் (குழியைப் பாத்து உருட்டற அடி) ரியோ கிராண்டே ஆத்துப் பக்கம்தான் சாயும். அவர் தோத்தாலும் ஆத்துமேலதான் பழி போடுவார்.

இப்போ சாப்பாடு. அதுதான் எனக்கு முக்கியம். இங்கே எந்த ஹோட்டலில் உக்காந்தாலும் "ரெட் ஆர் கிரீன்?"னு கேப்பா. எந்த மிளகாய்க் குழம்புன்னு அர்த்தம். மாநிலத்தோட அதிகாரபூர்வக் கேள்வியே அதுதான்னு சட்டசபையில் தீர்மானம் போட்ட ஊர் இது. ரெண்டும் வேணும்னா "கிறிஸ்மஸ்"னு சொல்லணும். ஒரே மிளகாய்தான், காயாச் சுட்டா பச்சை, பழுத்துக் காஞ்சா சிவப்பு.

ஆனா ஜாக்கிரதை. பச்சையில் பல இடத்தில் பன்னிக்கறி இருக்கும். பீன்ஸை மசிக்கறதும் பெரும்பாலும் பன்னிக் கொழுப்பில்தான். நான் வந்த புதுசில் ஒரு ஹோட்டலில் "வெஜிடேரியன்"னு சொல்லி வாங்கின பீன்ஸை மூணு கரண்டி சாப்பிட்டப்புறம்தான் கேட்டேன். அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அதனால "மீட் இல்லையா?"ன்னு கேட்டா போறாது. லார்டு, அதாவது அந்தப் பன்னிக் கொழுப்பு, இருக்கான்னு தனியாக் கேக்கணும், கறி வேகவெச்ச தண்ணி ஊத்தினேளான்னும் கேக்கணும். டோர்ட்டியாவுக்கும் (நம்ம சப்பாத்தி மாதிரி) இதே கேள்விதான். ரெயேனோ (மிளகாயில் சீஸ் அடைச்சு மாவில் தோய்ச்சுப் பொரிக்கறது) வேண்டாம், மேல்மாவில் முட்டை. காலபஸீட்டாஸ் கேளுங்கோ: பீர்க்கங்காய் மாதிரி ஒரு காய், சோளம், பச்சை மிளகாய். பருப்புப் போட மறந்த கூட்டு மாதிரி இருக்கும். சோபபீயாங்கறது உப்பின பூரிதான். மூலையைக் கிள்ளித் தேன் விட்டுக்கணும். மாவில் கொழுப்புச் சேர்க்காத கடையாப் பாத்துக்கோங்கோ.

இதைவிட நல்ல வழி ஒண்ணு சொல்றேன். சமையலறை இருக்கிற வீடா வாடகைக்கு எடுங்கோ. அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் கடை வாசலில் கம்பிவலைப் பீப்பாயைச் சுத்திண்டே கேஸ் தீயில் மிளகாய் வாட்டுவா. அந்த வாசனைக்கே கார் தானா நின்னுடும். ஒரு பை வாங்கித் தோலை உரிச்சு, பாதியைத் தயிரில் பச்சடி, பாதியைப் புளி, உப்பு, பெருங்காயத்தோட துவையல். உங்கம்மா இட்லிப்பொடியைக் கேக்கவே மாட்டா.

ஊர் சுத்த ஒரு நாள் டவுஸ் புவெப்லோங்கற (Taos Pueblo) பழங்குடி கிராமம் போதும். ஆயிரம் வருஷமா மனுஷா குடியிருக்கிற மண்வீடுகள். பழைய சுவருக்குள்ளே கரண்ட், குழாய் எதுவும் கிடையாது. ஆளைப் படமெடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும். இன்னொரு நாள் விடியக்காலை ஆல்புகர்க்கி பலூன் திருவிழா. அக்டோபர் முதல் வாரம் தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். ரூமை இன்னிக்கே போடுங்கோ, அப்புறம் விலையைக் கேட்டா மயக்கம் வரும்.

டல்லாஸ்காரி:

மாமி, கோடி நன்றி. எக்செல்லில் ஆறு கலர் போய் இரண்டு கலர் ஆச்சு. வொயிட் சாண்ட்ஸை மட்டும் விடமாட்டேன் என்று இவர் அடம். அப்பா காலை ஆறு மணிக்கே மைதானத்தில் நிற்பேன் என்கிறார், சரிவருமா?

ரியோ ராஞ்சோ மாமி:

வொயிட் சாண்ட்ஸ் போகவே மூணரை மணி நேரம். பக்கத்தில் ஏவுகணைச் சோதனைத் தளம்; சில நாள் சோதனை முடியற வரைக்கும் ரோட்டை மூடிடுவா. ரோடு திறந்திருக்குமான்னு முந்தின நாளே பார்த்துக்கோங்கோ, ராத்திரி பக்கத்து ஊரிலேயே தங்கிடுங்கோ. பாக்கோவில் ஆறு மணி வேண்டாம். புல்லில் உறைபனி இருந்தா அது கரையற வரைக்கும் யாரையும் இறங்க விடமாட்டா. ஒன்பதரைக்கு மேல போடுங்கோ. ஸ்வெட்டர் எடுத்துண்டு வரச் சொல்ல வேண்டாம், குன்னூர்க்காரர் இல்லையோ.